உயர் ரெசல்யூஷன் திரையில் போட்டோஷாப், லைட்ரூம், கிம்ப்: படத்தின் அளவை எது ஒழுங்காகக் காட்டுகிறது?

1200 பிக்சல் அகலமுள்ள ஒரு படத்தை ரெட்டினா (ஆப்பிளின் அடர்த்தி மிகுந்த) திரையில் பிரவுசரில் திறந்தால் தாராளமாக அகன்று நிற்கிறது. அதே கோப்பை அதே திரையில் போட்டோஷாப்பில் 100% வைத்துப் பார்த்தால் அகலம் சரிபாதி. 4கே, 5கே மானிட்டருக்கு மாறியவர்கள் முதல் நாளே இதைக் கண்டு திகைக்கிறார்கள். படம் எக்ஸ்போர்ட்டில் கெட்டுவிட்டதோ என்று அளவை இரட்டிப்பாக்கி மறுபடி சேமிப்பவர்களும் உண்டு. அப்படிச் செய்ய வேண்டாம். கோப்பில் எந்தக் குறையும் இல்லை. போட்டோஷாப்பும் பிரவுசரும் வெவ்வேறு பிக்சலை எண்ணுகின்றன, அவ்வளவுதான்.

போட்டோஷாப்பின் 100% என்பது படத்தின் ஒரு பிக்சலுக்குத் திரையின் ஒரு பிக்சல். பிரவுசர் எண்ணுவது சிஎஸ்எஸ் (வெப் பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் மொழி) பிக்சலை. அது கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் புள்ளி அல்ல. அங்குலத்தில் 96இல் ஒரு பங்கு என்று வகுக்கப்பட்ட ஒரு கணக்கு அலகு. இரண்டு மடங்கு அடர்த்தியுள்ள திரையில் ஒரு சிஎஸ்எஸ் பிக்சலை வரைய அகலத்தில் இரண்டு, உயரத்தில் இரண்டு என நான்கு உண்மைப் புள்ளிகள் செலவாகின்றன. அதனால் பிரவுசர் படத்தை இழுத்துப் பெரிதாக்கிக் காட்டுகிறது. போட்டோஷாப் இழுக்காமல் காட்டுகிறது.

இந்த விமர்சனத்தில் மென்பொருள்களின் எல்லா வசதிகளையும் பார்க்கப்போவதில்லை. மூன்றே கேள்விகள். புள்ளிக்குப் புள்ளி உண்மையான அளவை ஒரே சொடுக்கில் காட்டுகிறதா? பார்வையாளர் காணப்போகும் அளவைக் காட்டுகிறதா? அச்சில் வரும் அளவைக் காட்டுகிறதா? அடர்த்தி குறைந்த பழைய மானிட்டரில் முதல் இரண்டும் ஒன்றாகவே இருந்தன. அதனால்தான் மென்பொருள்கள் எல்லாமே ‘100%’ என்ற ஒரே சொல்லை வைத்துக் காலம் தள்ள முடிந்தது. இப்போது அந்தச் சொல் போதவில்லை.

முதலில் எண்கள்

24 அங்குல 1920×1080 மானிட்டரில் அங்குலத்துக்குச் சுமார் 92 பிக்சல். 27 அங்குல 2560×1440 என்றால் 109. அதே 27 அங்குலம் 4கே (3840×2160) ஆனால் 163, 5கே (5120×2880) ஆனால் 218. 2012இல் வந்த முதல் ரெட்டினா மேக்புக் ப்ரோவில் 15.4 அங்குலத்துக்குள் 2880×1800, அதாவது 220. நம் 1200 பிக்சல் படம், புள்ளிக்குப் புள்ளி காட்டினால், 92இல் 33 செ.மீ. அகலம், 109இல் 28 செ.மீ., 163இல் 18.7 செ.மீ., 218இல் வெறும் 14 செ.மீ. கோப்பு ஒன்றுதான், 33 செ.மீ. 14 ஆகிறது.

இதில் கோப்புக்குள் எழுதியிருக்கும் 72 பிபிஐ, 300 பிபிஐ (அங்குலத்துக்கு இத்தனை பிக்சல்) என்ற எண்ணுக்கு எந்தப் பங்கும் இல்லை. அது அச்சுக்கான குறிப்பு. போட்டோஷாப்பின் இமேஜ் சைஸ் பெட்டியில் ரீசாம்பிள் டிக்கை எடுத்துவிட்டு 72ஐ 300 ஆக்கிப் பாருங்கள். திரையில் ஒரு புள்ளிகூட நகராது. டிக்கை எடுக்காமல் மாற்றினால்தான் வம்பு: மென்பொருள் இல்லாத பிக்சல்களைக் கற்பனை செய்து சேர்க்கும், 1200 பிக்சல் 5000 ஆகும். எழுத்து விஷயத்தில் மட்டும் இந்த எண் வேறு விதமாகக் கடிக்கும். 72 பிபிஐ கோப்பில் 16 பாயிண்ட் எழுத்து 16 பிக்சல் உயரத்துக்கு அமையும்; 300 பிபிஐ கோப்பில் அதே 16 பாயிண்ட் சுமார் 67 பிக்சல். எழுத்து மட்டும் பூதாகரமாக வருகிறது என்று புலம்புவோர் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

எந்த மென்பொருளையும் சோதிக்க ஒரு கோப்பு

விளம்பரத்தில் ‘ஹை டிபிஐ ஆதரவு’ (அடர்த்தி மிகுந்த திரைக்கு ஏற்றது) என்று போட்டிருப்பதை நம்ப வேண்டியதில்லை. பத்து நிமிடத்தில் நீங்களே அளந்துவிடலாம். போட்டோஷாப்பில் 2×2 பிக்சல் அளவில் புதுக் கோப்பு ஒன்று திறந்து, பென்சில் கருவியை 1 பிக்சலுக்கு வைத்து, மூலைவிட்டத்தில் இரண்டு புள்ளிகளைக் கறுப்பாக்குங்கள். எடிட் மெனுவில் டிஃபைன் பேட்டர்ன். பிறகு 1000×1000 பிக்சலில் இன்னொரு கோப்பைத் திறந்து அந்தப் பேட்டர்னால் நிரப்புங்கள். பிஎன்ஜி ஆகச் சேமியுங்கள். ஜேபெக் கூடாது, அதன் அமுக்கம் இந்த நுண்ணிய கட்டங்களைச் சிதைத்துவிடும்.

இந்தக் கோப்பை 100% ஜூமில் திறந்து, சாதாரண ஸ்கேலைத் திரையில் வைத்து அகலத்தை அளக்க வேண்டும். 109 பிபிஐ திரையில் 233 மி.மீ. வர வேண்டும், 163இல் 156 மி.மீ.; 218இல் 116 அல்லது 117 மி.மீ. இரண்டு மடங்கு வந்தால் அந்த மென்பொருள் இழுத்துக் காட்டுகிறது. அகலம் சரியாக இருந்து, பரப்பு முழுவதும் ஒரே சீரான சாம்பலாகத் தெரிந்தால் புள்ளிக்குப் புள்ளி உண்மை. அலை அலையாகவோ பட்டை பட்டையாகவோ தெரிந்தால், வழியில் எங்கோ யாரோ படத்தை மறுபடி அளவு மாற்றுகிறார்கள் என்று பொருள். அந்த ‘யாரோ’ பெரும்பாலும் மென்பொருள் அல்ல, ஆபரேட்டிங் சிஸ்டம்.

மேக்கில் ஒளிந்திருக்கும் அளவுமாற்றம்

இதைப் பலர் கவனிப்பதே இல்லை, ஆனால் கூர்மையைத் தீர்மானிக்கிறவர்களுக்கு இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். 27 அங்குல 4கே மானிட்டரை மேக்கில் இணைத்தால், சரிபாதி அளவான 1920×1080 தோற்றத்தில் எழுத்தும் பொத்தானும் பெரிதாகத் தெரியும். அது பிடிக்காமல் டிஸ்ப்ளே அமைப்பில் ‘2560×1440 போலத் தெரியும்’ நிலையைத் தேர்ந்தெடுப்போர் ஏராளம். அந்த நிலையில் மேக் என்ன செய்கிறது? முழுத் திரையையும் 5120×2880 பிக்சல் பரப்பில் வரைந்து, பிறகு அதை 3840×2160க்குச் சுருக்கி மானிட்டருக்கு அனுப்புகிறது. போட்டோஷாப்புக்கு இது தெரியாது. தன் ஒரு பிக்சல் ஒரு திரைப்புள்ளியில் விழுகிறது என்று நினைத்துக்கொண்டிருக்கும். உண்மையில் நான்கு பிக்சல் மூன்று புள்ளிகளில் நெருக்கி உட்கார்ந்திருக்கிறது.

சோதனைக் கோப்பு இதை உடனே காட்டிக்கொடுக்கும்: 156 மி.மீ. வர வேண்டிய இடத்தில் 117 வரும், கட்டங்கள் அலையடிக்கும். லேப்டாப்பிலும் இது உண்டு. 2560×1600 பேனல் கொண்ட 13 அங்குல மேக்புக் ப்ரோக்கள் 2016 முதல் 1440×900 தோற்றத்திலேயே பெட்டியிலிருந்து வெளிவந்தன. உள்ளே வரைவது 2880×1800. அவற்றை வாங்கியவர்கள் யாரும் அமைப்பைத் தொடாமலேயே சுருக்கப்பட்ட படத்தைத்தான் பார்த்துவந்திருக்கிறார்கள்.

சாதாரண எடிட்டிங்குக்கு இது தடையல்ல. நிறம், வெளிச்சம், கட்டம்போட்டு வெட்டுவது எல்லாம் நடக்கும். ஆனால் ஷார்ப்பனிங் (கூர்மையாக்கல்), நாய்ஸ் (மணல்மணலான இரைச்சல்) நீக்கம், கட்அவுட்டின் (வெட்டியெடுத்த உருவத்தின்) ஓரம் ஆகியவற்றைப் பார்க்கும் நேரத்தில் பேனலின் சரிபாதி நிலைக்கு மாறிக்கொள்ளுங்கள்: 4கேக்கு 1920×1080, 5கேக்கு 2560×1440. 27 அங்குலத்தில் 5கே மானிட்டருக்குக் கூடுதல் பணம் கொடுப்பது எதற்கு என்று கேட்டால், பதில் இந்த ஒரு காரணமே போதும். அதில் வசதியான எழுத்தளவும் உண்மையான புள்ளியும் ஒரே நிலையில் கிடைக்கின்றன.

விண்டோஸ் இந்த இடத்தில் நேர்மையானது. 125%, 150%, 175% என்று எந்த அளவு வைத்தாலும், டிபிஐ அறிந்த, அதாவது திரையின் அடர்த்தியைத் தானே கணக்கில் கொள்ளும் மென்பொருளுக்குப் பேனலின் உண்மைப் புள்ளிகளையே கொடுக்கிறது. முழுத்திரையையும் வரைந்து சுருக்குவதில்லை. சிக்கல் டிபிஐ அறியாத மென்பொருளில்தான் வரும். அதைக் கீழே பார்க்கலாம்.

போட்டோஷாப்

முதல் கேள்விக்கு முழு மதிப்பெண். கண்ட்ரோல் + 1, மேக்கில் கமாண்ட் + 1, அல்லது ஜூம் கருவியின் மீது இருமுறை சொடுக்கினால் புள்ளிக்குப் புள்ளி. அதில் சமரசமே இல்லை. இந்த நிலைப்பாடு சரி என்பதே நம் கருத்து. படத்தைத் திருத்துகிறவர் கோப்பில் இருப்பதைப் பார்க்க வேண்டும், இழுத்துப் பூசியதை அல்ல.

எப்போதும் இப்படி இருக்கவில்லை. ரெட்டினா மேக்புக் ப்ரோ வந்த புதிதில் போட்டோஷாப்பின் அன்றைய பதிப்பான சிஎஸ்6 அந்தத் திரையை அறியாது. ஒவ்வொரு பிக்சலையும் நான்காகப் பெருக்கி, பிரவுசர் காட்டும் அதே அளவில், சொரசொரப்பாகக் காட்டியது. 2012 டிசம்பரில் வந்த அப்டேட்டுக்குப் பிறகு படம் பாதி அளவுக்கு இறங்கியது. ‘என் படங்கள் எல்லாம் சுருங்கிவிட்டன’ என்ற கேள்வி அன்று பிறந்தது. புதுத் திரை வாங்குகிறவர் ஒவ்வொருவரிடமும் இன்றும் பிறக்கிறது.

இரண்டாவது கேள்வியில்தான் போட்டோஷாப் பயனரைக் கைவிடுகிறது. வியூ மெனுவில் 100%க்குக் கீழே 200% என்று ஒன்று இருக்கிறது. இரட்டை அடர்த்தித் திரையில் பிரவுசர் காட்டும் அளவு அதுதான். ஆனால் எதற்காக அந்த வரி அங்கே இருக்கிறது என்று மென்பொருள் எங்கும் சொல்வதில்லை. எடிட் மெனுவில் கீபோர்டு ஷார்ட்கட்ஸ் திறந்து இதற்கு ஒரு விசைச்சேர்க்கை ஒதுக்கிவிடுங்கள்; தினமும் பயன்படும். விண்டோஸில் 150% அளவு வைத்திருப்பவருக்கு 200% பொருந்தாது. அவர் சாளரத்தின் இடதுகீழ் மூலையில் உள்ள ஜூம் பெட்டியில் 150 என்று தட்டச்சு செய்ய வேண்டும். அப்போது அளவு சரியாக இருக்கும், ஆனால் கூர்மையை நம்பக் கூடாது. 200%இல் ஒவ்வொரு பிக்சலும் 2×2 சதுரமாகச் சீராக விரியும். 150%இல் ஒன்றரைப் புள்ளியை வரைய முடியாதே, அதனால் சில பிக்சல் பெரிதாகவும் சில சிறிதாகவும் அமையும். சிறிதாக்கும்போதும் இதே விதிதான்: 50%, 25% நம்பகமானவை, 66.7%ஐ அளவு பார்க்க மட்டுமே நம்பலாம்.

திரையின் அளவீட்டை ஆபரேட்டிங் சிஸ்டத்திடம் கேட்டு, ‘வெப் அளவு’ என்று ஒரு கட்டளையை போட்டோஷாப் தானே தரலாம். இத்தனை ஆண்டுகளாகியும் தரவில்லை. இது சின்னக் குறையல்ல.

இதைச் சமாளிக்க நல்ல வழி ஒன்று உண்டு. விண்டோ மெனுவில் அரேஞ்ச் பகுதிக்குப் போய், கோப்பின் பெயரோடு வரும் நியூ விண்டோவைத் தேர்ந்தெடுங்கள். ஒரே கோப்பு இரண்டு சாளரங்களில் திறக்கும். பிறகு அதே பகுதியில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் அடுக்குங்கள். ஒன்றை 100%இலும் மற்றதை 200%இலும் வைத்துவிட்டால், ஒரு பக்கம் தூரிகை ஓட ஓட மறுபக்கம் விளைவு தெரியும். தோல் திருத்தம், மாஸ்க் ஓரம் போன்ற வேலைக்கு இதைவிடச் சிறந்த ஏற்பாடு இல்லை. 218 பிபிஐ திரையில் 1 பிக்சல் பென்சில் கோடு 0.12 மி.மீ. தடிமன்தான், 100%இல் மாஸ்க்கின் ஓரத்தில் விட்டுப்போன ஒற்றைப் பிக்சல் விளிம்பு கண்ணுக்கே படாது, ஆனால் சாதாரண மானிட்டரில் பார்ப்பவருக்கு வெள்ளைக் கோடாகத் தெரியும்.

மூன்றாவது, அச்சு அளவு. வியூ மெனுவில் பிரிண்ட் சைஸ் இருக்கிறது, ஆனால் அப்படியே அழுத்தினால் தப்பாகத்தான் காட்டும். காரணம், உங்கள் திரையின் அடர்த்தியை அது 72 என்று வைத்துக்கொண்டிருக்கிறது. பிரிஃபரன்ஸஸில் யூனிட்ஸ் அண்ட் ரூலர்ஸ் பக்கத்தில் ஸ்கிரீன் ரெசல்யூஷன் என்ற கட்டம் உண்டு. திரையில் படம் தெரியும் பகுதியின் அகலத்தை அங்குலத்தில் அளந்து, கிடைப்பிக்சல் எண்ணிக்கையை அதனால் வகுத்து, வரும் எண்ணை அங்கே இடுங்கள். 27 அங்குல 4கேயின் அகலம் 23.5 அங்குலம்; 3840ஐ அதனால் வகுத்தால் 163. மேக்கில் 2560×1440 தோற்றத்தில் ஓட்டுகிறீர்கள் என்றால் 163 போடக் கூடாது. போட்டோஷாப் பார்ப்பது 5120 அகலத்தை, ஆகவே 218 போட வேண்டும். பிறகு 10 செ.மீ. அகலத்தில் ஒரு கோப்பு திறந்து, பிரிண்ட் சைஸ் அழுத்தி, ஸ்கேல் வைத்துச் சரிபாருங்கள். ஒரு மில்லிமீட்டருக்குள் வந்துவிடும்.

இதில் உயர் அடர்த்தித் திரைக்கு ஒரு பெரிய ஆதாயம் இருக்கிறது. 300 பிபிஐ அச்சுக்கோப்பை அச்சு அளவில் பார்க்க 109 பிபிஐ திரையில் 36%க்கு இறங்க வேண்டும். அச்சில் வரும் நுணுக்கத்தில் பெரும்பகுதி திரையில் காணாமல் போகும். 218 பிபிஐ திரையில் 73%லேயே அச்சு அளவு வந்துவிடும். அச்சுக்கு வேலை செய்கிறவர்கள் இந்தத் திரைகளைத் தயங்காமல் வாங்கலாம்.

மென்பொருளின் பேனல், ஐகான் அளவு விஷயத்தில் விண்டோஸுக்கான பழைய போட்டோஷாப் பதிப்புகள் படுமோசம். 2018 ஜனவரியில் வந்த 19.1 பதிப்புதான் விண்டோஸ் 10இல் 100% முதல் 400% வரை 25% படிகளில் இடைமுகத்தை மாற்றி, மானிட்டருக்கு மானிட்டர் தனியாகப் பொருந்தவும் செய்தது. அதற்கு முந்திய பதிப்பை 4கே லேப்டாப்பில் ஓட்டினால் மெனு எழுத்து எறும்பு சைஸில் தெரியும். பழைய ப்ளக்-இன்களின் சாளரங்கள் இன்னும் அப்படி வருவதுண்டு. அதைச் சரிசெய்வது ப்ளக்-இன் செய்தவர் கையில்தான் இருக்கிறது.

இங்கே விண்டோஸ் பயனர்களுக்கு ஓர் எச்சரிக்கை. எறும்பு மெனுவுக்கு மருந்தாக எல்லாரும் பரிந்துரைப்பது: எக்ஸிகியூட்டபிள் கோப்பின் ப்ராப்பர்ட்டீஸ், கம்பாட்டிபிலிட்டி தாவல், சேஞ்ச் ஹை டிபிஐ செட்டிங்ஸ், அதில் ஓவர்ரைடு டிக் வைத்து ‘சிஸ்டம்’ தேர்வு. மெனு பெரிதாகும், உண்மைதான். ஆனால் இப்போது விண்டோஸ் அந்த மென்பொருளைச் சிறிதாக வரையச் சொல்லி, வந்த சித்திரத்தை முழுமையாக இழுத்துப் பெரிதாக்குகிறது. படமும் சேர்ந்தே இழுபடும். 100% இனி புள்ளிக்குப் புள்ளி அல்ல, படம் லேசாக மங்கும். ‘சிஸ்டம் என்ஹான்ஸ்டு’ தேர்ந்தெடுத்தால் சில மென்பொருள்களில் எழுத்து மட்டும் தெளியும்; படம் அப்படியே இழுபட்டுத்தான் இருக்கும். இந்த டிக்கை வைத்துக்கொண்டு ஷார்ப்பன் செய்தால் அளவுக்கு மீறிப் போவது நிச்சயம்.

லைட்ரூம் கிளாசிக்

100% இங்கேயும் உண்மைப் புள்ளியே. பழைய பதிப்புகளில் 1:1 என்று இருந்தது. பெரிய திரையில் இதன் தோற்றம் விசித்திரமாக இருக்கும்: 6000×4000 பிக்சல் கேமராப் படத்தை 1080பி மானிட்டரில் 100% வைத்தால் அகலத்தில் மூன்றில் ஒரு பங்குதான் தெரியும், 5கே மானிட்டரின் 5120 பிக்சலில் அகலத்தில் 85% வரை அடங்கிவிடும். ‘ஃபிட்’டுக்கும் 100%க்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை என்று குழம்ப வேண்டாம்.

டீடெயில் பேனலில் உள்ள சின்ன முன்னோட்டக் கட்டத்தைப் பலரும் அப்படியே விட்டுவிடுகிறார்கள். அதன் மீது வலச்சொடுக்கு செய்து 1:1லிருந்து 2:1க்கு மாற்றுங்கள். உயர் அடர்த்தித் திரையில் 1:1இல் அந்தக் கட்டம் தபால்தலையை ஒற்றைக் கண்ணால் பார்ப்பது போலத்தான். 2:1இல் நாய்ஸின் மணி, ஷார்ப்பனிங்கின் ஓரக்கோடு இரண்டும் தெளிவாகத் தெரியும். பேனல் ஓரத்தில் ஆச்சரியக்குறி தெரிந்தால், நீங்கள் 100%க்குக் கீழே இருக்கிறீர்கள், கூர்மையைப் பற்றி எதையும் முடிவு செய்யாதீர்கள் என்று அது சொல்கிறது. பார்க்கும் நிலையின் நம்பகத்தன்மையைத் தானாகவே எச்சரிக்கும் இந்தச் சின்னக் குறி லைட்ரூமின் பெரிய நற்குணம். போட்டோஷாப்பிலும் இப்படி ஒன்று இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

கேட்டலாக் செட்டிங்ஸில் ஃபைல் ஹேண்ட்லிங் பகுதியில் ஸ்டாண்டர்டு பிரிவியூ அளவை ‘ஆட்டோ’வில் வையுங்கள். பழைய கேட்டலாக்கில் 1440 என்று நின்றுபோயிருந்தால், 4கே திரையில் லைப்ரரி படங்கள் முதலில் மங்கலாக வந்து பிறகு தெளியும். லென்ஸைக் குறை சொல்லுமுன் இதைப் பாருங்கள். அச்சு அளவைக் காட்டும் விஷயத்தில் லைட்ரூமிடம் எதிர்பார்க்க ஒன்றுமில்லை.

கிம்ப்

பணம் கொடுக்காமல் கிடைக்கும் மென்பொருள், மூன்றாவது கேள்வியில் போட்டோஷாப்பை வெல்கிறது. பிரிஃபரன்ஸஸ், இன்டர்ஃபேஸ், டிஸ்ப்ளே என்று போனால் மானிட்டர் ரெசல்யூஷன் பகுதியில் கேலிபரேட் பொத்தான் இருக்கிறது. அழுத்தினால் திரையில் ரூலர் கோடுகள் வரும். ஸ்கேலால் அளந்து அந்த நீளத்தை இட்டால் கணக்கை அதுவே போட்டுக்கொள்ளும். வகுத்தல் வேலை நமக்கில்லை. இதைச் செய்தே ஆக வேண்டும், ஏனென்றால் ‘தானாகக் கண்டறி’ நிலையில் 96 என்று வந்து நிற்பது வழக்கம். உங்கள் திரை 163ஆக இருந்தாலும் அதுதான்.

பிறகு வியூ மெனுவில் டாட் ஃபார் டாட். டிக் இருந்தால் பிக்சல் கணக்கு. எடுத்துவிட்டால் 100% என்பது அச்சு அளவாக மாறும். ஒரே டிக்கில் இரண்டு உலகமும் கிடைக்கிறது, எந்த உலகத்தில் இருக்கிறோம் என்பதும் மெனுவில் தெரிகிறது. எண்ணிப்பார்த்துச் செய்யப்பட்ட ஏற்பாடு. தெரியாமல் இந்த டிக்கை எடுத்துவிட்டு, 300 பிபிஐ கோப்பு 100%இல் தம்மாத்தூண்டாகத் தெரிகிறதே என்று தவிப்பவர்களும் உண்டு. டிக்கைத் திரும்ப வைத்தால் தீர்ந்தது.

2018இல் வந்த கிம்ப் 2.10இல் ஐகான் அளவை மட்டும்தான் மாற்ற முடியும். அடியில் இருந்த ஜிடிகே2 (இடைமுகத்தை வரையும் நிரல் தொகுப்பு) உயர் அடர்த்தித் திரையை அறியாது. 2025 மார்ச்சில் வந்த 3.0 ஜிடிகே3க்கு மாறியதால் 200% அளவுள்ள திரையில் இடைமுகம் தெளிவாக வருகிறது. ஆனால் ஜிடிகே3 முழு எண் மடங்குகளையே அறியும். 150% வைத்திருப்பவர்கள் தீம் பக்கத்தில் எழுத்து அளவையும் ஐகான் அளவையும் கையால் கூட்டிக்கொள்ள வேண்டிவரும். 2.10இல் இருப்பவர்கள் உயர் அடர்த்தித் திரைக்கு மாறினால் 3.0க்கும் சேர்த்தே மாறிவிடுங்கள். மாறியதும் மேலே சொன்ன கட்டக் கோப்பை ஒருமுறை திறந்து அளந்துகொள்வது நல்லது.

அஃபினிட்டி போட்டோ, மேக் பிரிவியூ

அஃபினிட்டியின் ஜூம் மெனுவில் 100%, ஆக்சுவல் சைஸ், பிக்சல் சைஸ் என மூன்றும் தனித்தனி வரிகள். கூர்மை பார்க்க பிக்சல் சைஸ், அச்சுக்கு ஆக்சுவல் சைஸ். ‘100%’ என்ற ஒரே சொல்லின் மீது எல்லாவற்றையும் ஏற்றாமல் பிரித்து வைத்ததற்காகவே பாராட்ட வேண்டும்.

மேக்கின் பிரிவியூ எடிட்டர் இல்லைதான், ஆனால் சரிபார்க்க எல்லாரும் அதில்தான் திறக்கிறார்கள். அதன் அமைப்பில் இமேஜஸ் பகுதியில் 100% என்பதற்கு இரண்டு பொருள் தேர்ந்தெடுக்கலாம்: ஒரு படப்பிக்சலுக்கு ஒரு திரைப்பிக்சல், அல்லது அச்சில் வரும் அளவு. முதலாவதை வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவதில் கோப்பின் பிபிஐ குறிப்பு விளையாடத் தொடங்கும். ரெட்டினா ஸ்கிரீன்ஷாட் 144 என்ற குறிப்போடு சேமிக்கப்படுவதால், அது ஒரு மாதிரியும் 72 குறிப்புள்ள உங்கள் படம் வேறு மாதிரியும் தெரியும்.

ஷார்ப்பனிங்கை எந்த ஜூமில் முடிவு செய்வது?

கண்ணால் பிரித்தறியும் எல்லையைச் சராசரியாக ஒரு ஆர்க்மினிட் (ஒரு பாகைக் கோணத்தில் 60இல் ஒரு பங்கு) என்று வைத்துக்கொள்வது வழக்கம். 60 செ.மீ. தூரத்தில் அது 0.17 மி.மீ., அதாவது சுமார் 145 பிபிஐ. 40 செ.மீ.க்குக் கிட்டே போனால் 218 பிபிஐ. ஆக, மேசையில் சாதாரணமாக உட்கார்ந்து 218 பிபிஐ திரையைப் பார்க்கும்போது தனிப் பிக்சலைக் கண் பிரிப்பதே இல்லை. நாய்ஸ் குறைவாகத் தெரியும், ஷார்ப்பனிங் பற்றாதது போலத் தெரியும். கை தானாக ஸ்லைடரை வலப்பக்கம் இழுக்கும். அன்ஷார்ப் மாஸ்க் என்ற கூர்மையாக்கும் ஃபில்டரில் 0.8 ரேடியஸ் போதுமான படத்துக்கு 1.6 வைத்து, அங்கே அழகாக இருக்கிறது என்று அனுப்பிவிடுவோம். அந்தப் படம் 92 பிபிஐ மானிட்டரில் திறக்கும்போது ஒவ்வொரு ஓரத்திலும் வெள்ளை வட்டம் கட்டி நிற்கும்.

மாற்று வழி எளிது. 200 பிபிஐக்கு மேலுள்ள திரையில் ஷார்ப்பன் மதிப்பை 200%இல் முடிவு செய்யுங்கள். அந்த அளவில் பிக்சலின் பருமன் 109 பிபிஐ மானிட்டரின் 100%க்குச் சமம். பிறகு 100%க்கு இறங்கி மொத்தத் தோற்றத்தை மட்டும் பாருங்கள். 163 பிபிஐ 4கே இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும்: 100% சற்றுப் பொடி, 200% சற்றுக் கொச்சை. அங்கே 100%இலேயே வைத்து, முகத்தைத் திரையிலிருந்து 40 செ.மீ.க்குக் கொண்டுபோய்ப் பார்ப்பது 150%ஐ நம்புவதைவிட மேல்.

வெப்புக்கு அனுப்பும்போது

பக்கத்தில் 800 சிஎஸ்எஸ் பிக்சல் அகலத்தில் வரப்போகிற படத்தை 1600 பிக்சலில் எக்ஸ்போர்ட் செய்து, பக்கத்தின் குறியீட்டில் அகலம் 800 என்று குறிப்பிட வேண்டும். குறிப்பிட மறந்தால் 1600ஆகவே விரிந்து வடிவமைப்பை உடைக்கும். பிக்சல் எண்ணிக்கை நான்கு மடங்கானாலும் கோப்பு நான்கு மடங்கு கனக்க வேண்டியதில்லை. இரட்டை அளவில் அனுப்பும் ஜேபெக்கின் தரத்தை 80லிருந்து 60 வரைகூட இறக்கலாம். சுருக்கத்தின் கறைகள் பாதி அளவில் காட்டப்படுவதால் மறைந்துவிடும். வானம், தோல் போன்ற வழுவழுப்பான பரப்பில் மட்டும் பட்டை விழுகிறதா என்று பாருங்கள்.

எக்ஸ்போர்ட் ஆன கோப்பைப் பிரவுசரில் உண்மைப் புள்ளியில் பார்க்க, இரட்டை அடர்த்தித் திரையில் பிரவுசர் ஜூமை 50% ஆக்கினால் போதும். போட்டோஷாப்பின் 100%மும் அதுவும் ஒரே அகலத்தில் நிற்கும்.

இரண்டு மானிட்டர் வைத்திருப்பவர்கள் சாளரத்தை 218 பிபிஐ திரையிலிருந்து 92 பிபிஐ திரைக்கு இழுத்தால், 100% எண் மாறாமலே படம் சுமார் 2.4 மடங்கு பெரிதாகும். அது கோளாறல்ல, எல்லாம் சரியாக இருப்பதற்கான அடையாளம். புதுத் திரை வாங்கியதும் பழைய 24 அங்குல மானிட்டரை விற்றுவிடாதீர்கள். பக்கத்திலேயே இருக்கட்டும், ஷார்ப்பன் செய்த படத்தை வெளியே அனுப்பும் முன் ஒருமுறை அதில் இழுத்துப் போட்டு, முடி, கண்ணிமை, கட்டட விளிம்பு ஆகிய மூன்றையும் பாருங்கள்.